இருக்கட்டுமா, அழிச்சிரவா?

எங்கள் ஊர் வெயிலில் கேமராவின் பின்பக்கத் திரையில் ஒன்றும் தெரியாது. அருப்புக்கோட்டையில் பகலில் வெளியே நின்று படம் எடுத்துவிட்டு அந்தத் திரையைப் பார்த்தால், பார்க்கிறவரின் மூக்குத்தான் அதில் மங்கலாகத் தெரியும். அக்கா இதற்கு ஒரு வழி வைத்திருந்தாள். படம் எடுத்த கையோடு அந்த ஆளின் பக்கத்தில் வந்து நின்று, தன் முந்தானையை விரித்து இரண்டு தலைக்கும் சேர்த்து மூடிக்கொள்வாள். உள்ளே இருட்டாகிவிடும். சேலைக்குள்ளிருந்து அவள் குரல் மட்டும் வெளியே கேட்கும்.

“இருக்கட்டுமா, அழிச்சிரவா?”

இருக்கட்டும் என்றால் இருக்கும். அழி என்றால் அவர்கள் கண் முன்னாலேயே குப்பைத்தொட்டி போட்ட பட்டனை அமுக்கிவிடுவாள். ஏன் என்று கேட்க மாட்டாள். நல்லாத்தானே இருக்கு என்று சமாதானமும் சொல்ல மாட்டாள். பக்கத்தில் நிற்கிறவர்களை எட்டிப் பார்க்கவும் விடமாட்டாள். ஒரு நிச்சயதார்த்தத்தில் மாப்பிள்ளையின் அப்பாவே வந்து, “பொண்ணு படம் எப்பிடி வந்திருக்கு, காட்டும்மா” என்று கேட்டார். “மொதல்ல அந்தப் புள்ள பாத்துச் சொல்லட்டும். பெறகு காட்டுறேன்” என்று கேமராவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அந்த மனிதருக்கு முகம் சுண்டிப்போனது. அக்கா அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை, பக்கத்து வீடு. நெசவுக்காரக் குடும்பம். வீட்டுக்குள் தெலுங்கு, வாசலைத் தாண்டினால் தமிழ். பஜாரில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிற வேலை பார்த்தாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், “யாரும் வந்து எங்கிட்டக் கேக்கல, எங்கம்மாகிட்டத்தான் கேட்டாக” என்பாள். அந்த அம்மாவும் போய்ச் சேர்ந்த பிறகு அந்த வீட்டில் தனியாகவே இருந்தாள்.

கேமரா அவள் தம்பி துபாயிலிருந்து கொண்டுவந்தது. புதிதாகப் படம் எடுக்கப் பழகுகிறவர்களுக்கென்றே செய்த டி.எஸ்.எல்.ஆர். என்று பெட்டியிலேயே போட்டிருந்தது. அவன் விடுமுறைக்கு வந்தபோது கழுத்தில் மாட்டிக்கொண்டு கொஞ்ச நாள் திரிந்தான். போனே போதும், இது கழுத்தை ஒடிக்குது என்று வைத்துவிட்டுப் போய்விட்டான். அதன் தலையில் ஒரு திருகு உண்டு. ஓடுகிற மனிதன், மலை, பூ, நிலா என்று சின்னச் சின்னப் படங்களைச் சுற்றிலும் போட்டிருப்பார்கள். எதை எடுக்கிறோமோ அதற்குத் தகுந்தபடி திருப்பிக்கொள்ள வேண்டும். பச்சைக் கட்டம் ஒன்றும் இருக்கும். அதில் வைத்தால் வெளிச்சம், தூரம், எல்லாவற்றையும் கேமராவே பார்த்துக்கொள்ளும். அக்கா அதைப் பச்சையில் வைத்து, திருகு நகராமல் புண்ணுக்கு ஒட்டுகிற பிளாஸ்திரியில் ஒரு துண்டு கிழித்து ஒட்டிவிட்டாள்.

“மத்ததெல்லாம் அது பாத்துக்கிருது. நாம ஆளை மட்டும் பாத்தாப் போதும்ல” என்றாள்.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். “இம்புட்டுப் பட்டன் இருக்கு. நீ அமுக்குறது ரெண்டே ரெண்டு. இதுக்கு எதுக்குக்கா இம்புட்டுப் பெரிய கேமரா?” என்று கேட்டேன்.

“ஒண்ணு எடுக்கதுக்கு, ஒண்ணு அழிக்கதுக்கு. வேற என்னத்துக்கு?”

லென்ஸைத் திருகினால் தூரத்து ஆள் கிட்டே வருவார். அக்கா திருகவே மாட்டாள். தானே நடந்து கிட்டே போவாள். தூரத்திலிருந்து இழுத்து எடுத்தால் எடுப்பது அவர்களுக்குத் தெரியாமல் போய்விடுமாம். பட்டனைப் பாதி அமுக்கினால் கேமரா முகத்தைக் கண்டுபிடித்து ‘பீப்’ என்று சத்தம் கொடுக்கும், முழுக்க அமுக்கினால்தான் படம் விழும். அந்தப் பாதியில் விரலை நிறுத்திக்கொண்டு அவள் ஒரு பிரசங்கம் வைப்பாள். “இந்தச் சத்தம் கேட்டா எடுக்கப் போறேன்னு அர்த்தம். வேணாம்ங்கிறவுக இப்பவே மூஞ்சியத் திருப்பிக்கங்க.” எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். பிரசங்கம் முடிவதற்குள் யாராவது கண்ணை மூடிவிடுவார்கள், மறுபடி முதலிலிருந்து.

எங்கள் பக்கத்துத் தெருக்களில் பெண்பிள்ளைக்குச் சடங்கு என்றாலும் வளைகாப்பு என்றாலும் அக்காவைத்தான் கூப்பிட்டார்கள். ஆண்பிள்ளை கேமராவைத் தூக்கிக்கொண்டு உள்வீடு வரைக்கும் வருவது பலருக்குப் பிடிக்காது. அக்கா ஞாயிற்றுக்கிழமைதான் வருவாள் என்பதற்காகவே நாள் பார்த்தவர்கள் உண்டு. தொட்டிலில் கிடக்கிற பிள்ளையிடம்கூடத் திரையைக் காட்டி, இருக்கட்டுமா என்று கேட்பாள். பிள்ளை அழுதால் அழித்துவிடுவாள். பெற்றவள் தலையில் அடித்துக்கொள்வாள்.

இன்னொரு பழக்கம் இருந்தது. அதைத்தான் ஊர் கேலி செய்தது. யாராவது அழி என்று சொன்ன நாளில், சாயங்காலம் கேமராவை எடுத்துக்கொண்டு திருச்சுழி ரோட்டுப் பக்கம் நடப்பாள். வீடுகள் முடிந்து கரிசல் ஆரம்பிக்கிற இடத்தில் ஒரு உடைந்த பாலம் கிடக்கிறது. அதன் மேல் கேமராவை வைத்து, பிளாஸ்திரியை உரித்து, திருகை வீடியோவுக்குத் திருப்பி ஓடவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள். முன்னால் ஒன்றும் இருக்காது. வெடித்த மண், சீமைக்கருவேலம், மேலே வெளுத்த வானம். எப்போதாவது ஒரு ஆடு குறுக்கே போகும். மெமரி கார்டு நிறைந்துவிட்டது என்று கேமராவே சொல்லி நிற்கும் வரை இருந்துவிட்டு, நிறைந்ததை அழித்துவிட்டு, திருகைப் பச்சைக்கு மாற்றி மறுபடி ஒட்டிக்கொண்டு திரும்புவாள். துணிக்கடைப் புள்ளைக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சு, மொட்டைக் காட்டைப் போய்ப் படம் பிடிக்குது என்று சொன்னவர்களில் நானும் ஒருத்தி.

என் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மா ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு ஆக்கிப் போட்டுக்கொண்டிருந்தாள். நான் பத்தாவது படிக்கும்போது அவள் விரல் நுனியில் வெள்ளை விழுந்தது. பிறகு உதட்டோரம், பிறகு கண்ணைச் சுற்றி. அது ஒட்டிக்கொள்கிற நோயில்லை என்று டாக்டர் எழுதியே கொடுத்தார். ஆனாலும் அந்தக் கையால் போட்ட சோற்றைப் பிள்ளைகள் சாப்பிட மாட்டார்கள் என்று யாரோ கிளப்பிவிட, அம்மா தானாகவே நின்றுவிட்டாள். அதற்கப்புறம் எந்தக் கேமராவுக்கும் முகம் காட்டவில்லை. பந்தல்குடியிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தபோது அடுப்படியை விட்டு வெளியே வரவே இல்லை. என் கல்யாணப் படங்களில் எதிலும் அம்மா இல்லை. தாலி கட்டுகிற நேரத்தில் கூட்டத்துக்குப் பின்னால் ஒரு பச்சைச் சேலையின் ஓரம் தெரிகிறது, அவ்வளவுதான். அதை நான் எத்தனையோ தடவை பெரிதாக்கிப் பார்த்திருக்கிறேன். பெரிதாக்கினால் பச்சைதான் பெரிதாகிறது.

என் வளைகாப்பு எங்கள் வீட்டில் நடந்தது. அக்கா வந்திருந்தாள். எங்கள் வீடு இருட்டு வீடு. அந்தக் கேமராவுக்கு இருட்டு என்று பட்டால் அதன் தலையிலிருந்து ஃப்ளாஷ் தானாக ‘டக்’கென்று துள்ளி எழும். அக்காவுக்கு அது தெரியும், என் பெரியம்மாவுக்குத் தெரியாது. எனக்கு வளையல் போட வந்து குனிந்தவள், முகத்துக்கு நேரே அது துள்ளியதைப் பார்த்து, “ஆத்தாடி, ஓணான்” என்று சந்தனக் கிண்ணத்தோடு பின்னால் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்புச் சத்தம் தெருவரை கேட்டது. அம்மாவும் சிரித்தாள். வாயை மூடிக்கொள்ள மறந்து, கழுத்தை நிமிர்த்தி, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். வெள்ளை விழுந்ததற்குப் பிறகு நான் அப்படி ஒரு சிரிப்பைப் பார்த்ததில்லை. அந்த நேரத்தில் வெளிச்சம் மின்னியது.

அக்கா வேண்டுமென்று எடுக்கவில்லை. பெரியம்மாவை எடுக்கப் பாதி அமுக்கியிருந்த விரல், அவளும் சிரித்ததில் முழுக்க அமுங்கிவிட்டது. கேமரா எதிரே இருந்த அம்மாவின் முகத்தைப் பிடித்துக்கொண்டது. அக்காவின் முகம் மாறியதை நான் பார்த்தேன். நேராக அம்மாவிடம் போனாள். முந்தானை விரிந்தது. இரண்டு பேரும் உள்ளே ரொம்ப நேரம் இருந்தார்கள். எப்போதும் கேட்கிற அதே கேள்வியைத்தான் அக்கா கேட்டாள். கடைசியில் அம்மாவின் குரல், “நல்லாத்தான் இருக்கு தாயி. அழிச்சிரு” என்றது.

சேலைக்குள்ளிருந்து வெளியே வந்தபோது இருவர் கண்களும் சிவந்திருந்தன.

அன்றைக்குச் சாயங்காலம், கர்ப்பிணிப் பெண் நடப்பது நல்லது என்று அக்கா என்னையும் கூட்டிக்கொண்டு திருச்சுழி ரோட்டுப் பக்கம் நடந்தாள். பாலத்தின் மேல் கேமரா ஓடிக்கொண்டிருந்தது. நான் வளையல் கையோடு அவித்த பனங்கிழங்கை உரித்துத் தின்றுகொண்டே, “இந்தக் காட்டுல என்னத்தக்கா பாக்குற?” என்று கேலி பேசினேன். அவள் கிழங்கின் நாரை உரித்து என் கையில் கொடுத்துக்கொண்டே இருந்தாள்.

பிள்ளை பிறந்து முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கிய நேரத்தில் அம்மா போய்விட்டாள். காலையில் நெஞ்சு அடைக்கிறது என்றாள். விருதுநகர் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது.

மறுநாள் எல்லோரும் கேட்டது ஒன்றுதான். படம் எங்கே? தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ் வைக்க வேண்டும், கருமாதிக்கு மாலை போட்டு வைக்க வேண்டும். ஆதார் அட்டையில் இருந்ததை எடுத்துக்கொண்டு ஸ்டுடியோவுக்குப் போனேன். ஸ்டுடியோக்காரர் நல்ல மனிதர்தான். “வெள்ளையப் பத்திக் கவலப்படாதீக, எல்லாத்தையும் தட்டிச் சரிபண்ணிரலாம்” என்று, அம்மாவின் முகத்தை ஒரே மாநிறமாக்கிக் கொடுத்தார். சாந்தமான ஒரு பெண். யாரோ ஒரு நல்ல பெண். அம்மாவே பார்த்திருந்தால் இதைத்தான் வைக்கச் சொல்லியிருப்பாளோ என்னவோ. எனக்கு அந்த முகத்தின் முன்னால் அழுகை வரவில்லை.

பேச்சுவாக்கில் வளைகாப்புப் படத்தைச் சொன்னேன். அழித்தால் என்ன, கார்டைக் கொண்டாங்க, மேலே வேறு எதுவும் எடுக்காமல் இருந்தால் திரும்ப எடுத்துவிடலாம் என்றார் அவர். அக்காவின் வீட்டுக்கு ஓடினேன். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“அக்கா, கார்டக் குடு. எங்கம்மா சிரிச்ச படம் வேணும். அழிச்சதையும் எடுத்துரலாமாம்.”

அக்கா அரிசி களைந்துகொண்டிருந்தாள். கையை உதறிவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்தாள்.

“வராது புள்ள.”

“வரும்ங்கிறாரு. மேல எதையும் எடுக்காம இருந்தா வரும்ங்கிறாரு.”

“எடுத்துட்டேன். அன்னைக்கே, கார்டு நெரம்புற வரைக்கும். நீயும்தான் பக்கத்துல இருந்த.”

எனக்குப் புரியவில்லை. அவளே சொன்னாள். பட்டனை அமுக்கினால் படம் போய்விடுவதில்லையாம், கண்ணுக்குத் தெரியாமல் கார்டிலேயே கிடக்குமாம். வேறொன்று அதன் மேல் விழுந்தால்தான் உண்மையாகவே போகுமாம். முன்பு அவள் கடையில் சேலைப் பிரிவில் ஒரு பெண் வேலை பார்த்தாள். தன்னைத்தானே எடுத்துப் பார்த்துவிட்டு அழித்த படங்கள் அவள் போனில் இருந்தன. போன் ரிப்பேருக்குப் போன இடத்தில் யாரோ அவற்றை மீட்டு எடுத்துவிட்டார்கள். பஜார் முழுக்கப் போன்போனாகப் போயின. “கல்லாவுல ஒக்காந்து நானே பாத்தேன், ஒருத்தன் இன்னொருத்தனுக்குக் காட்டுறதை. அந்தப் புள்ள எங்கிட்ட வந்து, ‘நான் அழிச்சிட்டேன்க்கா, நெசமா அழிச்சிட்டேன்’னு சொல்லிக்கிட்டே நிக்கிது.” அந்தக் குடும்பம் ஊரை விட்டே போய்விட்டது.

“உங்கம்மா எங்கிட்ட அழிச்சிருன்னாக. வெறும் பட்டனை அமுக்கிட்டு அழிச்சிட்டேன்னு சொன்னா, அது அவுகள ஏமாத்துறது இல்லையா?”

“இப்பம் அவ இல்லையேக்கா. செத்தவளுக்கு என்ன வந்துறப் போகுது?”

“இருக்கையில சொன்னாகள்ல.”

அவள் மேல் எனக்கு அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. என் அம்மாவின் சிரிப்பின் மேல் மொட்டைக் காட்டைக் கொண்டுவந்து கொட்டியிருக்கிறாள். அதைக் கொட்டும்போது என்னையும் பக்கத்தில் உட்கார வைத்துக் கிழங்கு உரித்துக் கொடுத்திருக்கிறாள். “நீ நல்லா இருப்பக்கா” என்று சொல்லிவிட்டு வந்தேன். எந்த அர்த்தத்தில் சொன்னேன் என்று அவளுக்குத் தெரியும். அதற்குப் பிறகு நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. அம்மா போன பிறகு நானும் என் வீட்டுக்காரரும் அம்மா வீட்டிலேயே தங்கிவிட்டோம், அக்கா வீட்டுக்கும் எங்களுக்கும் ஒரே சுவர்தான் இடையில். அவள் வீட்டுக் குக்கர் விசில் என் வீட்டில் கேட்கும்.

என் மகள்தான் அதை உடைத்தாள். நடக்கப் பழகியதும் நேராக அந்த வீட்டுக்குள் போய்விட்டாள். தூக்கி வரப் போனபோது, பிள்ளை அக்காவின் முந்தானைக்குள் தலையை விட்டுக்கொண்டு கிலுக் கிலுக்கென்று சிரித்துக்கொண்டிருந்தது. அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தாள். ரொம்ப இளைத்திருந்தாள். நான் போய் அடுப்பில் டீயைப் போட்டேன். குடித்துவிட்டு, “சீனி கம்மி” என்றாள். அப்படித்தான் மறுபடி பேச்சு வந்தது.

அக்காவுக்குக் கட்டி என்றார்கள். மதுரைக்குக் கொண்டுபோய்க் கொண்டுபோய் வந்தோம். முடி கொட்டிப்போனது. அவளுக்கு இடுப்பு வரை முடி. சேலை கட்டத் தெம்பில்லாமல் நைட்டியும் தலையில் ஒரு துண்டுமாக ஆகிவிட்டாள். பஜாரிலிருந்து பார்க்க வருகிறவர்கள் போனைத் தூக்கினால் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள்.

ஒரு மத்தியானம் பீரோவைக் காட்டி, “அந்தக் கேமராவ எடு” என்றாள். எடுத்தேன். பிளாஸ்திரி அழுக்கேறி அப்படியே இருந்தது.

“என்னைய ஒண்ணு எடு.”

நான் பார்த்த வரைக்கும் அவளை யாரும் படம் எடுத்ததில்லை. எடுக்கிறவளை யார் எடுப்பார்கள்? தலைத் துண்டை அவளே அவிழ்த்துவிட்டு எழுந்து உட்கார்ந்தாள். நானும் கிட்டே போனேன். பாதி அமுக்கினேன். ‘பீப்’ என்றது. அவள் சொல்கிற மாதிரியே விரலை நிறுத்திக்கொண்டு காத்திருந்தேன். அவள் முகத்தைத் திருப்பவில்லை. நேராக என்னைப் பார்த்தாள். முழுக்க அமுக்கினேன்.

கார்டு இருக்கிற பக்கம் சிவப்பு விளக்கு மின்னி நின்றது. படம் விழுந்துவிட்டது. நான் பக்கத்தில் உட்கார்ந்து என் முந்தானையை எடுத்து இருவர் தலைக்கும் மூடினேன். உள்ளே மருந்து வாடை. “இருக்கட்டுமாக்கா, அழிச்சிரவா?” என்றேன். சிரித்தாள். “மொதல்ல காட்டு புள்ள” என்றாள். பார்த்தால் திரை கறுப்பாகக் கிடந்தது. பேட்டரி தீர்ந்திருந்தது. எத்தனை மாதமாகச் சும்மா கிடந்ததோ.

“எங்க வீட்டுல சார்ஜு போட்டுட்டுக் காலையில கொண்டாரேன்.”

“கொண்டா. நீ மட்டும் பாத்துராத. ரெண்டு பேருமாப் பாப்பம்.”

அன்று இரவே மூச்சுத் திணறி மதுரைக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் அங்கிருந்து ஆம்புலன்ஸில் வந்தாள்.

துபாயிலிருந்து தம்பி வந்தான். ஃப்ளெக்ஸ் அடிக்கிறவன் வாசலில் நின்றான். “உங்க போன்ல எங்கக்கா படம் எதுவும் இருக்கா? ஒண்ணுகூட இல்லையே” என்று தம்பி கேட்டபோது அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இதே முகத்தோடு நான் அந்த வீட்டுப் படியேறியது நினைவுக்கு வந்தது. கேமரா என் வீட்டு அலமாரியில், முழுச் சார்ஜோடு இருந்தது. “போன்ல இல்ல தம்பி” என்றேன். துணிக்கடை அடையாள அட்டையில் இருந்த படத்தைப் பெரிதாக்கிப் போட்டார்கள். அதில் எண்ணெய் தேய்த்து வாரிய தலையோடு விறைத்துப்போய் இருந்தாள். ஊருக்குத் திரும்பும்போது, கேமரா உங்ககிட்டயே இருக்கட்டும் என்று தம்பி சொல்லிவிட்டுப் போனான்.

அவள் முகத்தைத் திருப்பவில்லை. ஆக, எடுப்பதற்குச் சம்மதம்தான். வைத்துக்கொள்வதற்குச் சம்மதமா என்பதுதான் எனக்குத் தெரியவில்லை. அம்மாவும் நல்லாத்தான் இருக்கு என்று சொல்லிவிட்டுத்தானே அழிக்கச் சொன்னாள்.

போன வாரம் மகளைப் பள்ளியில் விட்டுவிட்டுக் கேமராவோடு திருச்சுழி ரோட்டுப் பக்கம் போனேன். பாலம் அப்படியே கிடக்கிறது. காட்டை ஓடவிட்டு நிறைத்துவிட்டால் அவள் முறைப்படி எல்லாம் முடிந்துவிடும். பிளாஸ்திரியின் ஓரத்தை நகத்தால் கிளப்பினேன். ஆனால் நான் ஒருத்திகூடப் பார்க்காமல் அந்த முகம் இந்த மண்ணுக்கு அடியில் போவதை நினைத்தால் தாங்கவில்லை. அம்மாவுடையது போன இடம்தான் அது. சரி, பார்த்துவிடலாம் என்று முந்தானையை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டேன். வெயில் மறைந்து உள்ளே இருட்டானது. கட்டை விரல் பட்டன் மேல் இருந்தது. பழக்கத்தில் வாய் தானாகக் கேட்டுவிட்டது.

“இருக்கட்டுமாக்கா, அழிச்சிரவா?”

சேலைக்குள் இன்னொரு தலைக்கு இடம் காலியாக இருந்தது. முந்தானையை இறக்கி, பிளாஸ்திரியைத் தேய்த்து ஒட்டிக் கேமராவைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.